பக்கத்து வீட்டுக்கு ஆறு வருடமாகக் கொடுத்த நத்தார் கேக்: இனி என்ன சொல்வது?

மூன்றாம்மாடி:

எல்லோருக்கும் நத்தார் வாழ்த்துகள், இரண்டு நாள் பிந்திவிட்டது. ஒரு விஷயம் மனதைப் போட்டுக் குடைகிறது. வீட்டில் சொன்னால் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்கிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். கத்தோலிக்கக் குடும்பம். எதிர்க் கதவு முஸ்லிம் குடும்பம். இரண்டு கதவுக்கும் நடுவில் நான்கு அடிதான் இருக்கும். அவர்கள் வெங்காயம் தாளித்தால் எங்கள் அறைக்குள் மணக்கும். நாங்கள் செபமாலை சொன்னால் அவர்களுக்குக் கேட்கும். அந்த வீட்டு அம்மாவை நான் தாத்தா என்று கூப்பிடுவேன் (வெளியூர்க்காரர்களுக்கு: முஸ்லிம்களிடம் தாத்தா என்றால் அக்கா). என் மகளுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு என்னோடு கதிரையில் உட்கார்ந்திருந்தவர் அவர். கீழே வருவதைப் படித்துவிட்டு யாரும் அவரைத் தவறாக நினைக்கக் கூடாது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு நத்தாருக்கும் அவர்களுக்குக் கேக் கொடுப்பேன். அம்மாவின் கைமுறை. முந்திரிகை வற்றல், பேரீச்சம்பழம், பூசணித் தோசி, இஞ்சித் தோசி, கஜு எல்லாவற்றையும் ஒக்டோபர் கடைசியிலேயே பொடியாக நறுக்கி, பிராந்தி ஊற்றி, வாய் அகன்ற போத்தலில் அடைத்துவிடுவேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை போத்தலைக் கவிழ்த்து வைப்பது மகளின் வேலை. டிசம்பர் நடுவில் ரவையும் முட்டையும் பட்டரும் சேர்த்துச் செய்து, துண்டு துண்டாகக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவேன். தாத்தா ஒவ்வொரு ஜனவரியும் பெட்டியைக் கழுவித் துடைத்து, வெறும் பெட்டியாகத் தரக் கூடாது என்று உள்ளே ஏதாவது வைத்துத் தருவார். "கேக் நல்லா இருந்திச்சு" என்பார்.

இந்த முறை 26ஆம் திகதி குப்பை போடக் கீழே போனேன். செக்யூரிட்டி அங்கிள் சிரித்த முகமாக, உங்கள் கேக்குக்கு நான் டிசம்பர் முழுக்கக் காத்திருப்பேன், மூன்றாம் மாடி முஸ்லிம் அம்மா ஒவ்வொரு வருடமும் பெட்டியோடு கொண்டுவந்து தருகிறார் என்று சிங்களத்தில் சொன்னார். ஆறு வருடமும்.

முதலில் அழுகை வந்தது. படியேறும்போதுதான் உறைத்தது: பிராந்தி. காகிதத்தைப் பிரித்ததுமே தாத்தாவுக்கு மணந்திருக்கும். நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் விடவில்லை. எங்கள் வீட்டில் கேக் என்றால் அதுதான் என்பதால் அப்படி ஒரு யோசனையே வரவில்லை. ஆனாலும் பிழை என்னுடையது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அதே கிழமை, குடிலைப் பார்க்க வந்த தாத்தாவிடம் என் மகள் (ஒன்பது வயது) கேட்டாள்: "பெரியம்மா, நீங்களும் இயேசுவைக் கடவுள் என்று நம்புறீங்களா?" தாத்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் ஒன்டுதான் மகள், பேர்தான் வேற" என்றார். மகளுக்குச் சந்தோஷம். அடுத்த நாள் கூடப் படிக்கும் முஸ்லிம் பிள்ளையோடு ஃபோனில் கதைக்கும்போது அவள் அப்படி இல்லை என்று சொல்லியிருக்கிறாள். ஈஸா நபி (இயேசு) கடவுள் இல்லை, சிலுவையில் சாகவும் இல்லை என்று. மகள் வந்து என்னிடம் கேட்டது இது: "பெரியம்மா ஏன் என்னிடம் பொய் சொன்னா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆறு வருடம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இனிமையாகப் பொய் சொல்லித்தான் இருந்திருக்கிறோம். இதைத் திறந்து கதைப்பதா, அப்படியே விடுவதா? கதைத்தால் எங்கிருந்து தொடங்குவது?

கொம்பனித்தெரு:

விடுங்கள் அக்கா. எங்கள் ஒழுங்கையில் மலாய்க்காரர், சோனகர், தமிழர், சிங்களவர் எல்லோரும் ஒரே சுவரைப் பங்கு போட்டுத்தான் வாழ்ந்தோம். பெரியவர்கள் ஒன்றைச் சொல்லித் தந்தார்கள்: கல்யாணத்துக்குப் போ, மையத்துக்கு (சாவு வீட்டுக்கு) போ, மார்க்கம் மட்டும் கதைக்காதே. தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதும் மரியாதைதான்.

அவர் கேக்கைக் குப்பையில் போடவில்லையே. சாப்பிடக்கூடிய ஒருவருக்குத்தானே கொடுத்தார். "நல்லா இருந்திச்சு" என்றது உங்கள் மனதை. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று முஸ்லிம் தீவிரவாதிகள் சிலர் கோவில்களில் குண்டு வெடிக்க வைத்த பிறகு எல்லோருக்கும் தோல் மெல்லிசாகிவிட்டது. இப்போது போய் "உண்மையைக் கதைப்போம்" என்றால் அவர் பயந்துபோவார். நல்ல உறவைக் கிளறாதீர்கள்.

மாளிகாவத்தை நானா:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தத் தாத்தாவின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

புறக்கோட்டையில் 20 வருடம் புடவைக் கடையில் வேலை செய்தேன். என்னோடு கணக்கு எழுதிய கிறிஸ்தவ நண்பர் ஒவ்வொரு நத்தாருக்கும் கேக் கொண்டுவருவார். வாங்குவேன், நன்றி சொல்வேன், வீட்டுக்குப் போகும் வழியில் வேறு ஒருவருக்குக் கொடுப்பேன். பெருமையாகச் சொல்லவில்லை. அன்போடு நீட்டிய கையை எப்படித் தட்டுவது என்ற தயக்கம். மதுபானம் கலந்ததை நாங்கள் சாப்பிட முடியாது, அதில் எங்களுக்கு இரண்டு கருத்துக் கிடையாது. ஆனால் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும் பழக்கமும் எங்களுக்குக் கிடையாது. அவர் ஓய்வு பெற்றுப் போகும் வருடம்தான் சொன்னேன். அவர் முகம் வாடியது கேக்குக்காக இல்லை. "இத்தனை வருஷம் நீ என்னை வெளியாள் மாதிரி வச்சிருந்தாயா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் எனக்குள் கிடக்கிறது.

கொம்பனித்தெரு தம்பி, மையத்துக்குப் போ, மார்க்கம் கதைக்காதே என்பதை என் வாப்பாவும் சொன்னவர்தான். அது ஒரு காலத்துக்குக் கை கொடுத்தது. ஆனால் எங்கள் மார்க்கமே அதைத்தான் சொல்கிறது என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன். "லகும் தீனுகும் வலியதீன்", உங்களுக்கு உங்கள் மார்க்கம், எனக்கு என் மார்க்கம் என்ற வசனத்தை எல்லோரும் வாயை மூடிக்கொள்ளத்தான் எடுக்கிறார்கள். அந்த சூராவை (குர்ஆன் அத்தியாயத்தை) முதலில் இருந்து ஓதிப் பாருங்கள். நீங்கள் வணங்குவதை நான் வணங்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் கடைசியில் அந்த வசனம் வருகிறது. அது மக்கத்து இணைவைப்பாளர்களுக்கு (சிலை வணங்கியவர்களுக்கு) சொன்னது, கிறிஸ்தவர்களுக்கு அல்ல. ஆனாலும் வரிசையைக் கவனியுங்கள். வேதக்காரர்களோடு (யூதர், கிறிஸ்தவர்களோடு) அழகிய முறையில் அன்றித் தர்க்கம் செய்யாதீர்கள் என்று 29ஆம் அத்தியாயம் 46ஆம் வசனம் சொல்கிறது. பேசவே கூடாது என்றிருந்தால் அந்தக் கட்டளைக்கு வேலையே இல்லையே.

சின்ன வயதில் ஓதப்பள்ளியில் கேட்ட ஒரு சம்பவத்தையும் சொல்கிறேன். 615ஆம் ஆண்டளவில் மக்காவில் கொடுமை தாங்காமல் முஸ்லிம்கள் சிலர் கடல் கடந்து அபிசீனியாவுக்குப் போனார்கள். அங்கே அரசர் நஜ்ஜாஷி, ஒரு கிறிஸ்தவர். மக்காவின் குறைஷிக் குலத்தார் பரிசுப் பொருள்களோடு இரண்டு தூதர்களை அனுப்பி, இவர்களைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) எழுந்து சூரா மர்யமின் தொடக்கத்தை ஓதினார். அரசரும் பாதிரிமாரும் அழுதார்கள். நாங்கள் வழக்கமாகக் கதையை அத்தோடு முடித்துவிடுவோம், மனதுக்கு இதமாக இருக்கும்.

ஆனால் அடுத்த நாள்தான் சோதனை. தூதர்கள் திரும்பப் போய், ஈஸாவைப் பற்றி இவர்கள் பாரதூரமான ஒன்றைச் சொல்கிறார்கள், கூப்பிட்டுக் கேளுங்கள் என்று போட்டுக் கொடுத்தார்கள். நினைத்துப் பாருங்கள், அகதிகள். தங்குவதற்கு வேறு இடமில்லை. எல்லாம் ஒன்றுதான் அரசே என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பியிருக்கலாம். என்ன வந்தாலும் அல்லாஹ் சொன்னதைத்தான் சொல்வது என்று முடிவெடுத்தார்கள். ஜஃபர் சொன்னார்: அவர் அல்லாஹ்வின் அடியார், தூதர், கன்னி மர்யமுக்கு அவன் அருளிய வார்த்தை, அவனிடமிருந்து வந்த ரூஹ் (ஆவி). கடவுளின் மகன் என்று சொல்லவில்லை. இழிவாகவும் ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அரசர் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். எங்கள் சீரா நூல்கள் (நபியின் வாழ்க்கை வரலாறுகள்) இப்படித்தான் சொல்கின்றன.

உங்கள் மகள் கேட்ட கேள்வியும் அரசர் கேட்ட கேள்வியும் ஒன்றுதான், தங்கச்சி. கேட்டது ஒன்பது வயதுப் பிள்ளை என்பதால் பதில் லேசாகிவிடாது. நான் இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: "இல்ல மகள், நாங்க அவரைக் கடவுள் என்று நம்ப மாட்டோம். பெரிய நபி என்று நம்புறோம். அவங்க உம்மா மர்யம் பேரிலே எங்க குர்ஆனிலே ஒரு சூராவே இருக்கு. உங்க அம்மா வேற மாதிரி நம்புறா. அவங்ககிட்டக் கேளுங்க, அவங்க சொல்லித் தருவாங்க." கடைசி வரி முக்கியம். பிள்ளை உங்களுடைய பிள்ளை.

டீச்சர் தெமட்டகொடை:

நானா சொன்னது சரி. ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போய்விட்டது. ஜஃபருக்கு முன்னால் இருந்தவர் நீதியான அரசர். எங்களுக்கு முன்னால் யார் இருந்தார்கள்?

2019 ஏப்ரல் 29 முகத்திரைக்குத் தடை வந்தது. நான் முகம் மூடுவதில்லை, அபாயா மட்டும்தான். ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். அந்த மே மாதம் ஹசலகையில் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று நினைத்து ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். அரபு எழுத்து இருக்கிற காகிதத்தைக்கூட எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்த வீடுகளை நான் பார்த்தேன். அந்த நாட்களைக் கடந்த ஒரு பெண்ணிடம், ஒரு கிறிஸ்தவப் பிள்ளை, தாய் பார்த்துக்கொண்டிருக்க, இயேசு கடவுளா என்று கேட்டால் "எல்லாம் ஒன்டுதான்" என்றுதான் வாயில் வரும். அதைப் பொய் என்று எழுதாதீர்கள் தங்கச்சி. அது பயம். அவர் உங்களை ஒரு பார்வை பார்த்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பார்வையில் எல்லாம் இருக்கிறது.

அதனால் முதலில் நீங்கள்தான் போக வேண்டும். பிராந்தி விஷயத்தை நீங்களே சொல்லுங்கள். அவர் ஆறு வருடம் என்ன செய்தார் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என்னைப் பற்றியது. 2020இல் கொவிட்டில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி போட்டார்கள். அந்த டிசம்பரில் அதை எதிர்த்துப் பொரளை கனத்தை மயானத்து வாசலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். நானும் போய்க் கட்டினேன். என்னோடு படிப்பிக்கும் ஒரு கிறிஸ்தவ டீச்சர் கூட வந்தார். நான் வழி முழுக்க "எங்கட ஜனாஸாக்கள் (மையத்துகள்), எங்கட ஜனாஸாக்கள்" என்றே கதைத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், என் பெரியப்பாவையும் எரித்தார்கள். நாங்களும் அடக்கம் செய்கிற ஆட்கள்தான். அதை நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை." எனக்கு நிலம் பிளந்த மாதிரி இருந்தது. எங்கள் துயரம் பெரியதுதான், 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை எத்தனை வீடுகள் என்ன பாடுபட்டன என்று எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் நடந்துவந்தவரின் வீட்டு மையத்தை நான் விசாரிக்கவே இல்லை. அவர் அதை அன்றே, அந்த ஓட்டோவுக்குள்ளேயே சொன்னதால்தான் நாங்கள் இன்றும் கதைக்கிறோம்.

கொச்சிக்கடைப் பொடியன்:

நான் இதில் எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அந்தோனியார் கோவில் பூசைக்கு மச்சாள் முதலிலேயே போய்விட்டாள். நான் பிந்திவிட்டேன், அதனால் இருக்கிறேன். அவள் பிழைத்தாள், ஆனால் காலில் இன்னும் துண்டு இருக்கிறது. அன்று நாடு முழுக்க 260க்கு மேற்பட்ட உயிர் போனது. அதற்கு மேல் எழுத எனக்கு முடியாது.

எங்கள் தெருவில் முஸ்லிம் நானா (அண்ணன்) ஒருவரின் பலசரக்குக் கடை. நடக்கப் பழகின நாளில் இருந்து அங்கேதான் சாமான் வாங்குவோம். அடுத்த கிழமையில் இருந்து நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. ரெண்டு தெரு தள்ளிப் போய்ப் பால்மா வாங்கினேன். எதிரில் கண்டால் தலையைக் குனிந்துகொள்வேன். கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை முஸ்லிம் மக்கள்மேல் கை வைக்காதீர்கள் என்று கேட்டார், நான் கை வைக்கவில்லை. அதுவே என் பங்குக்குப் போதும் என்று இருந்தேன்.

ஜூன் 12 கோவிலைத் திரும்பத் திறந்தார்கள். திருநாளுக்கு முதல் நாள். அதற்குப் பிறகு ஒரு இரவு கடை மூடும் நேரம் நானா என்னை வழிமறித்தார். "தம்பி, என்ன என்று முகத்துக்கு நேரே சொல்லிட்டுப் போ." நான் சொன்னேன்: "உங்களைக் கண்டா பயமா இருக்கு நானா. கோபமும் வருது. நீங்க செய்யலை என்று தெரியும். தெரிஞ்சும் வருது."

அவர் பாதி இறக்கிய ஷட்டரைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சொன்னார்: "நான் செய்யாததுக்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னா கேட்க மாட்டேன் தம்பி. அது பொய்யாப் போகும். உன் மச்சாளைப் பார்க்க வரலாமா என்று ரெண்டு மாசமாக் கேட்க நினைக்கிறேன், அதைக் கேட்கிறேன்." வந்தார். மச்சாள் முதல் தடவை அறைக்குள் விடவில்லை. திரும்பிப் போனார். இரண்டாம் தடவையும் வந்தார்.

அன்று அவர் வெறுமனே "எல்லாரும் மனுஷர்தானே" என்று சொல்லியிருந்தால் நான் ரெண்டு தெரு தள்ளியே சாமான் வாங்கிக்கொண்டிருப்பேன். குண்டு வெடித்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை முஸ்லிம்களை வீட்டிலேயே தொழச் சொன்னார்கள். அந்த ஞாயிறு நாங்கள் கோவிலுக்குப் போகாமல் ஆண்டகையின் பூசையை டிவியில் பார்த்தோம். ஒரே தெருவில் இரண்டு பக்கமும் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம் என்று அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

கொம்பனித்தெரு:

தம்பி, உங்கள் பதிவுக்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மச்சாள் சுகமாக இருக்கட்டும்.

மேலே நான் "கிளறாதீர்கள்" என்று எழுதினேன். என் கருத்தை முழுக்க மாற்றவில்லை. எல்லா வீட்டிலும் அந்த நானா மாதிரி ஒருவர் இல்லையே. ஆனால் டீச்சர் சொன்ன "முதலில் நீங்கள் போங்கள்" என்பது சரியாகப் படுகிறது.

வெள்ளவத்தை வாசகன்:

நான் கத்தோலிக்கன் அல்ல, சுவிசேஷ சபையைச் சேர்ந்தவன். இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத ஒன்றைத் தொடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விசுவாசத்தில் நற்செய்தியைச் சொல்வது கடமை. முஸ்லிம்களுக்குத் தஃவாவும் (இஸ்லாத்துக்கு அழைப்பதும்) கடமை. ஆகவே எங்கள் நட்பு எல்லாவற்றிலும் இது அடியில் ஓடுகிறது, ஒருவரும் வாய் திறப்பதில்லை. அலுவலகத்தில் ஒரு முஸ்லிம் நண்பர். மூன்று வருடம் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவரை என்றாவது சபைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று என் ஜெபக் குறிப்புப் புத்தகத்தில் அவர் பெயரை எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் அந்தப் புத்தகம் மேசையில் திறந்து கிடந்தது, பார்த்துவிட்டார். "என்னோட சாப்பிட்டது இதுக்காகவா?" என்று கேட்டார்.

இல்லை என்றால் அரைப் பொய். ஆம் என்றாலும் அரைப் பொய். நான் சொன்னது: "நான் பெறுமதியாக நினைக்கிறதை உனக்கும் கிடைக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். நீ ஒரு நாளும் ஏற்காவிட்டாலும் நாளைக்கு மதியம் இதே மேசையில்தான் சாப்பிடுவேன்." ஒரு கிழமை தனியாகச் சாப்பிட்டார். பிறகு குர்ஆன் தமிழாக்கம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்து, "சரி, எனக்கும் அதே ஆசைதான்" என்றார். இப்போது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். கேட்டால் சொல்வோம், வேண்டாம் என்றால் நிறுத்துவோம், வீட்டில் கஷ்டம் வந்த நேரத்தில் அதை வாய்ப்பாகப் பயன்படுத்த மாட்டோம். கடைசி நிபந்தனை அவர் போட்டது. அதுதான் கடைப்பிடிக்கக் கஷ்டமானது.

உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லுங்கள் என்று பேதுருவின் முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. பதில் சொல்லுங்கள் என்பதையும் மரியாதை என்பதையும் அவர் ஒரே வசனத்தில் வைத்திருக்கிறார்.

மாளிகாவத்தை நானா:

தம்பி, கஷ்ட நேரத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதை எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் சொல்லப் போகிறேன். நல்ல நிபந்தனை.

முகத்துக்கு நேரே சொல்வதைப் பற்றியே கதைக்கிறோம். முதுகுக்குப் பின்னால் சொல்வதையும் கதைக்க வேண்டும். என் கடைசி மகன் ஒருமுறை, கிறிஸ்தவர்கள் மூன்று கடவுளை வணங்குகிறார்கள், மர்யம் அதில் ஒருவர் என்று சொன்னான். நான் அவனைக் கையைப் பிடித்துக் கீழ் வீட்டு அன்ரியிடம் கூட்டிப் போனேன். அவர், கடவுள் ஒருவர்தான் மகன், மாதாவை நாங்கள் கும்பிடுவதில்லை, எங்களுக்காக மன்றாடச் சொல்லிக் கேட்கிறோம் என்று விளக்கினார். திரித்துவத்தை நாங்கள் ஏற்கவில்லை, ஏற்கவும் முடியாது. ஆனால் அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது வேறு, அது புளுகு.

மட்டக்குளி மறையாசிரியர்:

நானா சொன்னதற்கு எங்கள் பக்கத்துப் பங்கு. 2018இல் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மருந்து போடுகிறார்கள் என்று ஒரு கதை கிளம்பி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சோதித்துப் பார்த்தால் மாவுக் கட்டி. அடுத்த வருடம் அதே மாதிரிக் கதைகள் எங்கள் பங்கு வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றின. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு "பொய்ச்சாட்சி சொல்லாதே" என்ற கட்டளையைப் படிப்பிக்கிற நானும் அப்போது அந்தக் குழுவில் வாய் திறக்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

மூன்றாம்மாடி, உங்கள் மகளுக்குச் சொல்ல உதவும் என்றால்: எங்கள் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28இல் வெளியிட்ட அறிக்கை, திருச்சபை முஸ்லிம்களை மதிப்போடு நோக்குகிறது என்கிறது. அதே பத்தியில், அவர்கள் இயேசுவைக் கடவுளாக ஏற்பதில்லை, இறைவாக்கினராகப் போற்றுகிறார்கள், மரியாவுக்கும் மரியாதை செலுத்துகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறது. வேறுபாட்டை மூடவில்லை. நபிகளைப் பற்றி அந்தப் பத்தியில் ஒன்றும் இல்லை. நாளைக்கு அந்தக் கேள்வி உங்களிடம் வரும். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

மூன்றாம்மாடி:

போனேன். நடந்ததை எழுதுகிறேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, பின்னேரம் தேத்தண்ணி நேரம் கதவைத் தட்டினேன். டீச்சர் சொன்ன மாதிரி என் பக்கத்தை மட்டும் சொன்னேன். "தாத்தா, என் கேக்கில் பிராந்தி இருக்கு. ஆறு வருஷமா உங்களிடம் சொல்லாமல் தந்திருக்கிறேன். மன்னிச்சிருங்க." தாத்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கை மாவாக இருந்தது. "எனக்குத் தெரியும் மகள். முதல் வருஷமே தெரியும். நீங்க வாய் நிறையச் சிரிச்சுக்கிட்டுக் கொண்டுவந்தீங்க, எப்படிச் சொல்றது?" என்றார். பிறகு அவராகவே, கீழே யாருக்குக் கொடுத்தார் என்று சொன்னார். நான் தெரியும் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

மகள் விஷயத்தைச் சொன்னபோதுதான் அவர் கண் கலங்கியது. "பிள்ளை நான் பொய் சொன்னேன் என்றா நினைக்குது?" என்று இரண்டு முறை கேட்டார். உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து, மகளைக் கூட்டிவரச் சொன்னார். கிட்டத்தட்ட நானா எழுதியதைத்தான் சொன்னார், அவர் இந்த இழையைப் பார்க்கவில்லை. "அண்டைக்கு நான் சொன்னது சரியில்ல மகள். நாங்க அவரை நபி என்றுதான் நம்புறோம்." மகள், அப்போ நீங்க என்னோட கோபமா என்று கேட்டாள். தாத்தா அவளை மடியில் இழுத்துக்கொண்டார்.

பிறகு மறையாசிரியர் சொன்ன கேள்வி வந்தது. மகள் போன பிறகு, தாத்தா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "எங்கட நபியை நீங்க எப்படி நினைக்கிறீங்க?" நெஞ்சு படபடத்தது. நான் சொன்னேன்: "நான் அவரைக் கடவுள் அனுப்பினவர் என்று நம்பவில்லை தாத்தா. நம்பியிருந்தால் நானும் முஸ்லிமாகத்தானே இருப்பேன். ஆனால் என் வீட்டில் யாரும் அவரைத் தரக்குறைவாகக் கதைக்க விட மாட்டேன். அவர் பேரைச் சொல்லித்தான் நீங்கள் ஆஸ்பத்திரியில் என் பிள்ளைக்காகக் கேட்டீர்கள், நான் பக்கத்தில் இருந்தேன்." அவர் தலையாட்டினார். அது அவருக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. எனக்கும் சொல்ல வலித்தது. ஆனால் எழுந்து போகவில்லை, தேத்தண்ணி ஊற்றினார்.

இன்னொன்று இருக்கிறது, அதை அவரிடம் சொன்ன பிறகுதான் இங்கே எழுதலாம் என்றிருந்தேன். நோன்பு காலத்தில் தாத்தா தினமும் கஞ்சி தருவார், இறைச்சி போட்டது. சில வருடங்களாக நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக வருகின்றன. 2025இல் நோன்பு தொடங்கிய அதே கிழமையில்தான் மார்ச் 5 திருநீற்றுப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். தவக்கால வெள்ளிகளில் நாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை. அந்த வெள்ளிக்கிழமைக் கஞ்சியை எல்லாம் நான் நான்காம் மாடிக்குக் கொடுத்துவிட்டு, "கஞ்சி நல்லா இருந்திச்சு தாத்தா" என்று ஏனத்தைக் கழுவிக் கொடுத்திருக்கிறேன்.

அதைச் சொன்னதும் தாத்தா என்னையே பார்த்தார். "வெள்ளிக்கு மட்டும் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் போட்டு வேறாகக் காய்ச்சித் தாறேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

அடுத்த நத்தாருக்குப் பழத்தைத் தோடம்பழச் சாற்றில் ஊறவைக்கலாம் என்று நினைக்கிறேன். பிராந்தி இல்லாவிட்டால் இரண்டு மாதம் தாங்காது என்று தெரியும். யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

டீச்சர் தெமட்டகொடை:

சாற்றைக் கொஞ்சம் சூடாக்கி, பழத்தின் மேல் ஊற்றி மூடி, ஒரு இரவு பிரிட்ஜில் வைத்தால் போதும், ஊறிவிடும். அடுத்த நாளே கேக் செய்துவிடுங்கள். வனிலா எசன்ஸிலும் மதுசாரம் இருக்கலாம், லேபலைப் பாருங்கள். பன்னீரும் தேனும் ஏலமும் போட்டால் எசன்ஸே தேவையில்லை.

மூன்றாம்மாடி:

எசன்ஸ் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நன்றி டீச்சர். தாத்தாவுக்குச் செய்யும் கேக்குக்குத் தனித் தட்டும் வாங்கிவிடுகிறேன். செக்யூரிட்டி அங்கிளுக்கு அம்மாவின் முறையிலேயே ஒரு பெட்டி, அதை இனி நானே கீழே கொண்டுபோய்க் கொடுப்பேன்.